நிழல் விழாத மதியம்

கார் கண்ணாடிக்கும் வீட்டு ஜன்னலுக்கும் வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுகிறவர் அவர். கடை திறந்த புதிதில் எதிர்க்கடை மெக்கானிக் விளையாட்டாக ‘நிழல்காரரே’ என்று கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. தான் ஒட்டிய எந்த ஃபிலிமும் இவ்வளவு கெட்டியாக ஒட்டியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, ஃபிலிமை விரித்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, ஒரு குமிழிகூட விடாமல் தண்ணீரை வெளியேற்றும்போது அவருடைய நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

வெயிலோடு அவருக்குத் தீராத பகை. தெருவில் நிழல் விழும் பக்கமாகத்தான் நடப்பார். பேருந்தில் ஏறினால் வண்டி எந்தத் திசையில் திரும்பும், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் உட்காருவார். அதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். தனக்காகச் செய்கிற காரியமில்லை அது. தனியாகப் போகும்போதும் விட முடியாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் மகளுக்காக. தோலுக்கு நிறம் தரும் பொருள் அவள் உடம்பில் பிறவியிலேயே இல்லை. முடி, புருவம், இமை எல்லாமே வைக்கோல் வெளுப்பு. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும். பார்வையும் மங்கல்தான், கரும்பலகையைப் படிக்க எழுந்து கிட்டத்தில் போக வேண்டும். ஊரில் பாதிப் பேர் வெளுக்க வேண்டும் என்று கண்டதையும் வாங்கிப் பூசிக்கொண்டு திரிகிறார்கள். இந்த வீட்டிலோ அந்த வெளுப்பு வெந்துபோகாமல் இருக்க ஒரு குடும்பமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மங்கள் எங்கும் உண்டல்லவா? “மாசமா இருக்கறப்ப என்னம்மா சாப்பிட்ட? சொன்னா என் மருமகளுக்கும் குடுப்பேன்ல?” என்று ஒரு அம்மாள் பேருந்தில் வைத்தே கேட்டாள். அவர் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

குழந்தை தவழ்கிற வயதில் ஒருநாள் திறந்த மாடியில் கொஞ்ச நேரம் விளையாடியது. சாயந்திரத்துக்குள் முதுகெல்லாம் கொப்புளம். தோல் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: இந்தத் தோல் எதையும் மறக்காது, ஒவ்வொரு முறை சுடுவதும் கணக்கில் சேரும், சேர்ந்து சேர்ந்து ஒருநாள் புற்றாக வந்து நிற்கலாம். அதைக் கேட்டு நிழல்காரர் டாக்டர் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அதன் பிறகு எப்போது போனாலும் அவர் உள்ளே வரமாட்டார். வெளி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவிதான் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வருவாள்.

ஆனால் மகளுக்கு ஒரு சட்டம் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். சுவர்க்கடிகாரம் அவள் கண்ணுக்குத் தெரியாது. காலடியில் விழும் நிழல் தெரியும். “நிழல் உன்னைவிட நீளமா இருந்தா விளையாடு. உன்னைவிடக் குட்டையாச்சுன்னா வீட்டுக்குள்ள ஓடி வந்துடு.” அவள் நடக்கப் பழகியதே அந்தச் சட்டத்தோடுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தை எறிந்துகொண்டிருக்கும்போது நடுவில் நின்று குனிந்து காலடியைப் பார்ப்பாள். பிறகு யாரும் சொல்லாமலே உள்ளே போய்விடுவாள். அதைப் பார்த்து நிழல்காரருக்குப் பெருமை தாங்காது. அந்தக் குனிந்த தலையைப் பார்க்கச் சகிக்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை மட்டும் யாரும் கவனித்ததில்லை.

அவள் போட்டிருந்தது வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக் கண்ணாடி. வீட்டுக்குள் சாதாரணக் கண்ணாடி போல இருக்கும், வெளியே வந்தால் கறுத்துவிடும். அவளுடைய பழைய கண்ணாடி ஒன்றை நிழல்காரர் கடையில் வைத்திருந்தார். வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால், அதை வெயிலில் வைத்துக் கறுக்க விட்டுக் காட்டுவார். பிறகு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் வைப்பார். கொஞ்சத்தில் அது தெளிந்துவிடும். “பாத்தீங்களா? கறுத்தா தோலைத் தின்னுதுன்னு அர்த்தம். கறுக்கலன்னா நம்ம ஃபிலிம் காப்பாத்துதுன்னு அர்த்தம்.” விடுமுறை நாட்களில் மகள் கடையில் உட்கார்ந்திருப்பாள். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே அந்த வசனத்தை ஒப்பித்துவிடுவாள்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் மச்சான் கடற்கரையைக் கொண்டுவந்து போட்டார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பிஸ்கட் ஏஜென்சி, சொந்த வேன், வீடு அதிரும் சிரிப்பு. “பெரிய பரீட்சை முடிஞ்சுது, மாப்ள. எல்லாரும் கடலுக்குப் போறோம். மணலுக்குப் பக்கத்துலயே வீடு பிடிச்சாச்சு.”

“வேண்டாம் மச்சான். பாப்பாவுக்கு ஆகாது.”

“கருக்கல்ல குளிக்கட்டும், பொழுது சாஞ்சு குளிக்கட்டும். நடுவுல தூங்கட்டும். அவளும் பிள்ளைதானே?”

மகள் அப்போதுதான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். கடலை அவள் பார்த்ததே இல்லை. அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டு அழுதிருந்தால் மறுத்திருப்பார். சும்மா நின்றதால் தோற்றுப்போனார்.

“உங்களை நம்பித்தான் கூட்டிட்டு வரேன்,” என்றாள் மனைவி. “அவ மேல ஒரு பொட்டு சிவந்துச்சுன்னாலும் உங்களைத்தான் கேப்பேன்.”

மனைவி கணுக்கால் வரைக்கும் மணிக்கட்டு வரைக்கும் மூடுகிற மாதிரி அடர்ந்த துணியில் குளியல் உடுப்புத் தைத்தாள். கழுத்துவரை தொங்கும் துணி வைத்த தொப்பி வாங்கினார்கள். சன்ஸ்கிரீன் குழாய்கள் ஒரு தனிப் பை நிறைய. நிழல்காரர் தன் பங்குக்கு ஒரு ஃபிலிம் சுருளையும் ரப்பர் பட்டையையும் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். போய் இறங்கியதும் மற்றவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் வாடகை வீட்டு ஜன்னலெல்லாம் ஒட்டி முடித்துவிட்டார். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்து, “யாரைக் கேட்டு என் ஜன்னலைக் கறுப்பாக்குனீங்க?” என்று பிடித்துக்கொண்டாள். பிறகு அறை குளுகுளுவென்று இருப்பதைக் கண்டு, மாடி ஜன்னலுக்கும் ஒட்டித் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் நாட்கள் ஒழுங்காகப் போயின. வெளிச்சம் வரும்முன் கடலுக்குப் போவார்கள். நிழல் நீளமாக இருக்கும்போதே மகள் திரும்பிவிடுவாள். பிறகு நாள் முழுக்க இருட்டு அறையில் உட்கார்ந்து, மச்சான் மகள்கள் மணலில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். “என்னம்மா பண்ற?” என்று கேட்டால், “சும்மா கேட்டுட்டிருக்கேன்ப்பா,” என்பாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் வானம் முழுக்க மூடிக்கொண்டது. காற்று சில்லென்று இருந்தது. மச்சானின் மனைவியும் இவர் மனைவியும் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். “தொப்பி, கிரீம், கையை மூடுறது, எதையும் மறந்துடாதீங்க,” என்று இவர் மனைவி வாசலில் நின்றும் சொன்னாள், தெருவில் இறங்கியும் சொன்னாள்.

அவர்கள் போனதும் மகள் அப்பாவைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தாள். நடுவில் நின்று தன் காலடியைக் காட்டினாள்.

“அப்பா, பாரேன். நிழலே இல்ல.”

அவர் குனிந்து பார்த்தார். இல்லைதான். அவருக்கும் விழவில்லை, சுவருக்கும் விழவில்லை, மச்சானின் வேனுக்கும் விழவில்லை.

“குட்டையா இருந்தாத்தானே உள்ள வரணும்? இல்லவே இல்லன்னா?”

நிழல்காரர் கையை நீட்டிப் பார்த்தார். சூடு இல்லை. கண் கூசவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் ஒரு குறைகூடச் சொல்லாமல் குனிந்து பார்த்து உள்ளே போன முகம். “போ,” என்றார். சொன்ன உடனே நெஞ்சுக்குள் ஏதோ கழன்று லேசானது போல் இருந்தது. “போம்மா, போய் ஆடு.”

முற்றத்துக்கு வரும் முன்பே அறையில் கழற்றி உறையில் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியை அவள் அவர் கையில் கொடுத்தாள். “அலையில அடிச்சுட்டுப் போயிடும்ப்பா. நீ வெச்சுக்கோ.” மாமா மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கிரீம் பை கட்டிலில் கிடந்தது. மணலுக்கு வந்ததும் காற்று தொப்பியைத் தூக்கியது. அவர் ஓடிப் பிடித்தார். ஆனால் திரும்ப மாட்டிவிடவில்லை. “முடி காத்துல பறக்கட்டும் மச்சான், எவ்வளவு அழகா இருக்கு பாருங்க,” என்றார். 

மச்சான் பாயில் சாய்ந்துகொண்டார். “நம்ம தோலெல்லாம் கம்பெனி பெயின்ட் மாப்ள, எந்த வெயிலுக்கும் மங்காது. அவளுக்கு ஆண்டவன் வெள்ளை பிரைமரோட நிறுத்திட்டான். இன்னைக்காவது ஆடட்டும்.” சொல்லிவிட்டுச் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார்.

காலை போய் மதியம் வந்தது. தூரத்தில் அவளுடைய வெள்ளைத் தலை அலைக்குள் மறைவதும் எழும்புவதுமாக இருந்தது. உச்சிவேளையில் மகள் சிரிப்பதை அவர் முதல்முறையாக வெட்டவெளியில் கேட்டார். அவள் கரைக்கு வந்தால் துடைத்துக் கொடுக்கலாம் என்று கண்ணாடியை உறையிலிருந்து எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துப் பாயில் வைத்தார். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார். உரித்து முடித்துக் கண்ணாடியை எடுக்கக் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

கண்ணாடி கறுத்திருந்தது. பால் விடாத தேநீர் நிறத்தில்.

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் அப்படியேதான் இருந்தது. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். உறைக்குள் போட்டு மூடினார், திறந்தார், வெளியே வைத்தார். எத்தனை பேரிடம் சொன்ன வசனம் அது! கறுத்தா தோலைத் தின்னுதுன்னு அர்த்தம். கடையில் எப்போதும் வெயிலில்தான் வைத்துக் காட்டியிருக்கிறார். மேகத்துக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. 

பாயை உருவிக்கொண்டு ஓடினார். பாயில் கிடந்த மச்சான் மணலில் உருண்டு, “என்னாச்சு மாப்ள?” என்று கத்தினார்.  “பாப்பா! வெளிய வா! வெளிய வாம்மா!” அலைச் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அவரை அடையாளம் தெரியாது. கையை ஆட்டுகிற ஒரு நிழலுருவத்தைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்து அவளும் கையை ஆட்டினாள். அவர் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார். அவள் முழங்கால் ஆழத்தில் மல்லாந்து கிடந்தாள். குளியல் உடுப்பின் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டிருந்தாள். முகம் வானத்தைப் பார்த்து, கண் மூடி, வாயெல்லாம் சிரிப்பு.

பாயால் சுற்றித் தூக்கினார். “இன்னும் கொஞ்ச நேரம்ப்பா! நிழல்தான் இல்லையே!” என்று அவள் அவர் தோளுக்கு மேல் கத்திக்கொண்டே வந்தாள்.

அறைக்குள் கொண்டுவந்து, நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிக்கவைத்து, உலர்ந்த துணி கட்டி உட்காரவைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. எப்போதும் போல வெள்ளைவெளேர் என்று இருந்தாள். “ஒண்ணும் ஆகலப்பா,” என்றாள். மச்சானும், “அதான் ஒண்ணும் ஆகலையே, சும்மா பதறிட்டீங்க,” என்றார். நிழல்காரருக்குத் தெரியும். தவழ்கிற வயதில் மாடியிலிருந்து தூக்கி வந்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. சுட்டது சுட்டவுடன் காட்டாது. அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவளுடைய பின்கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காய்கறிப் பையோடு மனைவி வந்தாள். கட்டிலில் மூடி திறக்காமல் கிடந்த கிரீம் குழாய்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நான்தான் போகச் சொன்னேன்,” என்றார் அவர். “மேகமா இருந்துச்சு.”

“டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க. மேகம் மூடியிருந்தாலும் சுடும், தண்ணியில நின்னா இன்னும் சுடும்னு. நீங்கதான் உள்ளயே வரமாட்டீங்களே!” அவள் பை கீழே விழுந்தது. தக்காளி கட்டிலுக்கு அடியில் உருண்டது. “நானும் எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டேன்னு நினைச்சுட்டேனே.”

வெளியே வெளிச்சம் சாயத் தொடங்கியபோது முதல் சிவப்பு வந்தது. காது மடலில் ரோஜா நிறமாகத் தொடங்கி, பின்கழுத்துக்கு இறங்கி, முகத்திலும் கையிலும் படர்ந்தது. கண்ணுக்கு முன்னாலேயே படர்ந்தது. அவர் ஒரு கையால் மறைத்தால் நின்றுவிடும் என்பது போலக் கையைக் கொண்டுபோனார். தொட்டதும் அவள் அலறினாள். அதற்குப் பிறகு அவருக்குத் தொடத் தைரியம் வரவில்லை.

மனைவி டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தாள். ஈரத்துணி போட வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது, காய்ச்சல் ஏறினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மச்சான் பற்பசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “குளுகுளுன்னு இருக்கும்மா, தடவுனா போதும்.” தங்கை முறைத்த முறைப்பில் வந்த வழியே திரும்பினார். வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். 

காய்ச்சல் ஏறியது. துணி நனைப்பதும் மாற்றுவதுமாக நேரம் போனது. இன்னும் ஒரு புள்ளி ஏறினால் கிளம்பிவிடலாம் என்று மனைவி வெப்பமானியைக் கையிலேயே வைத்திருந்தாள். அந்தப் புள்ளி ஏறவில்லை. அவள் ஒரே ஒருமுறைதான் பேசினாள்: “அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரிய வேணாமா?” அவர் ஈரத்துணியைப் பிழிந்து நீட்டினார். கடையை இழுத்து மூடிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பெற்ற பிள்ளைக்கு நிழல் தரத் தெரியாதவன் ஊருக்கு எதற்கு ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும்?

விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. பின்கழுத்திலும் காதிலும் கொப்புளம், முகமும் கையும் சிவப்பு. ஊர் திரும்பியதும் நேராகத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். இது ஆறிவிடும், ஆனால் அந்த இடங்களை இனி ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்றார். மனைவி கஞ்சி வைக்கச் சமையலறைக்குப் போனாள். குப்புறப் படுத்திருந்த மகள் தலையை மட்டும் திருப்பினாள்.

“அம்மா உன்னைத் திட்டுனாங்களாப்பா?”

“திட்டட்டும். என் தப்புதானே.”

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. “உன் தப்பு இல்லப்பா. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“மேகமா இருந்தாலும் கறுக்கும்னு. ஸ்கூலுக்குப் போறப்ப எத்தனையோ நாள் பாத்திருக்கேன். அதான் கண்ணாடியை ரூமுக்குள்ளயே கழட்டி உன்கிட்ட குடுத்தேன். போட்டுட்டு வெளிய வந்தா உனக்குத் தெரிஞ்சிடும்ல?”

அவருக்கு முதலில் சுரீர் என்று கோபம்தான் வந்தது. கை ஓங்கிவிடுமோ என்று அவரே பயந்து தள்ளி உட்கார்ந்தார். அவர் கற்றுக்கொடுத்த சட்டத்தை வைத்தே அவரை ஏமாற்றியிருக்கிறாள்.

“ஏம்மா இப்படிப் பண்ண?”

“நிழல் இல்லன்னு நான் பொய் சொல்லலியே. மத்தியானக் கடல் எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டா நீ விடமாட்ட.”

அவர் தரையைப் பார்த்தார். அவ்வளவு நடந்த பிறகும் அந்தக் கேள்வியை அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எப்படி இருந்துச்சு?”

மகள் திரும்பினாள். சிவந்து வீங்கிய காதுகளுக்கு நடுவில் அந்த முகம் நேற்றுத் தண்ணீரில் கிடந்த முகமாக மாறியது. “மேல தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சுப்பா. காலுக்குக் கீழ ஜில்லுனு. கண்ணை மூடிக்கிட்டாலும் உள்ள வெளிச்சமாவே இருந்துச்சு. அவ்வளவு வெளிச்சத்துல நான் இருந்ததே இல்ல.”

கோபம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அன்றைக்கு டாக்டர் முன்னால் அழுத மாதிரியே, கொஞ்சமும் வெட்கமில்லாமல் வந்தது. அவள் கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லிடாதப்பா.”

கஞ்சிக் கிண்ணத்தோடு மனைவி வாசலில் வந்து நின்றாள். அழுத முகம் ஒன்று, சிவந்த முகம் ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இனிமே இவளை உங்களை நம்பி எங்கயும் விடமாட்டேன்,” என்றாள். “என்ன சொல்றா?”

நிழல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“தண்ணி கேட்டா,” என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போனார்.